உறைபனி ஊரில் லித்தியம் பேட்டரி: ஏற்றுவது, இறக்குவது, எடுத்து வைப்பது

நீலகிரியில் எமரால்டு பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொழுந்து வெட்டும் பேட்டரி மெஷின் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. முதுகில் மாட்டிக்கொள்ளும் 36 வோல்ட் லித்தியம் பேக். முதல் வருஷம் மதியச் சாப்பாடு வரை தாக்குப்பிடித்தது, இப்போது பத்தரை மணிக்கே நின்றுபோகிறது. டிசம்பர் கடைசியில் மகளின் பிரசவத்துக்காகக் குடும்பத்தோடு கோயம்புத்தூர் போகிறார்கள், இரண்டு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும். பேக்கை முழுசாக ஏற்றி வைத்துவிட்டுப் போவதா, சுத்தமாகத் தீர்த்துவிட்டுப் போவதா? உப்பிப்போன பழைய போன் ஒன்றும், சார்ஜே ஏறாத மருந்தடிக்கும் மெஷின் பேட்டரி ஒன்றும் வீட்டில் கிடக்கின்றன, அவற்றை என்ன செய்வது? மகன் மின்சார ஸ்கூட்டர் எடுக்கப்போகிறான், அதற்கும் ஏதாவது சொல்லுங்கள் என்கிறார்.

நான் குன்னூரில் பேட்டரி, இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். பதில் எழுதும் முன் அவரைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன்: "பேக்கை எங்க வைக்கிறீங்க, எப்ப சார்ஜ் போடுறீங்க?"

"ஷெட்லதான் கெடக்கும் தம்பி. காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சதும் பிளக்கைப் போட்டுருவேன். தோட்டத்துக்குக் கிளம்பறப்ப ஃபுல்லா இருக்கும்."

பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. எமரால்டில் ஜனவரி மாதம் விடியற்காலை ஐந்து மணி என்றால் புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கும். ராத்திரி முழுக்கத் தகர ஷெட்டில் விறைத்துக் கிடந்த பேக்கில் நேராகச் சார்ஜரைச் செருகியிருக்கிறார், அதுவும் இரண்டு பனிக்காலம். நம் ஊர்க் குளிர் பேட்டரியை எடுத்து வைக்க அருமையானது. சார்ஜ் ஏற்ற மட்டும் ஆகாது. மலையில் இருப்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் என் பட்டறைக்கு மார்ச் மாதம் வேலை அதிகம்.

ஏன் ஆகாது என்று கொஞ்சம் பார்க்கலாம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு பக்கத்திலிருந்து கிளம்பி மறுபக்கம் இருக்கும் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன. குளிர் கூடினால் அவை உள்ளே நகரும் வேகம் குறைந்துவிடும். சார்ஜர் அதைப் பற்றிக் கவலைப்படாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். ஊட்டி பஸ் ஸ்டாண்டில் சீசன் நேரத்தில் நடப்பதுதான்: உள்ளே போகிறவர்கள் மெதுவாக நகர, பின்னால் நிற்பவர்கள் முண்டியடிக்க, ஏறினவர்களெல்லாம் படியிலேயே தொங்குவார்கள். அப்படி வாசலில் தேங்கும் லித்தியம் அங்கேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்ததில் ஒரு பகுதி திரும்பி வருவதே இல்லை. அந்த அளவுக்கு பேக்கின் கொள்ளளவு நிரந்தரமாகப் போய்விடும். படிவு ஊசி ஊசியாக வளர்ந்து நடுவில் இருக்கும் மெல்லிய தடுப்பைத் துளைத்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட். எண்பதுகளில் உலோக லித்தியம் வைத்துச் செய்த ரீசார்ஜ் பேட்டரிகள் தீப்பிடித்தது இதனால்தான். அந்த உலோகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கார்பன் பொருளைப் போட்டவர் ஜப்பான் விஞ்ஞானி அகிரா யோஷினோ. 1991-இல் சோனி முதல் லித்தியம் அயன் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்ததற்கு அடிப்படை அதுதான். 2019-இல் குட்இனஃப், விட்டிங்ஹாம் இருவரோடு சேர்ந்து அவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். அவர் பாடுபட்டு வெளியே எடுத்த உலோகத்தை நாம் விடியற்காலை ஐந்து மணிக்கு ஷெட்டில் உட்கார்ந்து திரும்ப உள்ளே போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பேக்குக்குள் வரிசையாக அடுக்கியிருக்கும் தனித்தனி பேட்டரிகளைத்தான் செல் என்கிறோம். பெரும்பாலான செல்களுக்குத் தயாரிப்பாளர்கள் கொடுக்கும் கணக்கு இது: சார்ஜ் ஏற்ற 0 முதல் 45 டிகிரி வரை, பயன்படுத்த மைனஸ் 20 முதல் 60 டிகிரி வரை. 0 என்று எழுதியிருக்கிறதே என்று 1 டிகிரியில் ஏற்ற வேண்டாம். 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் நான் ஏற்ற மாட்டேன். நல்ல போன்களும் ஸ்கூட்டர்களும் குளிரை உணர்ந்து சார்ஜை மறுத்துவிடும். விலை குறைந்த விவசாய மெஷின் பேக்குகளில் அந்தக் காவல் இருக்கும் என்று நம்பி உட்காரக் கூடாது.

இதற்கு எளிய வழி, சார்ஜ் போடும் நேரத்தை மாற்றுவது. தோட்டத்திலிருந்து திரும்பும்போது பேக் வேலை செய்த சூட்டோடு இருக்கும். வீட்டுக்குள் கொண்டுவந்து அரை மணி நேரம் ஆற விடுங்கள். குளித்து, காபி குடித்து முடித்ததும் பிளக்கைப் போடுங்கள். ராத்திரி ஒன்பதுக்குள் நிரம்பிவிடும், நீங்களும் விழித்திருப்பீர்கள். தூங்கும்போது ஏற்றுவது வேண்டாம். என்றைக்காவது மறந்துபோய்க் காலையில்தான் ஏற்ற வேண்டும் என்றால் பேக்கை வீட்டுக்குள் எடுத்து வந்து இரண்டு மணி நேரமாவது வைத்துவிட்டு ஏற்றுங்கள். சீக்கிரம் சூடாகட்டும் என்று விறகடுப்புப் பக்கத்திலோ ஹீட்டர் முன்னாலோ வைக்காதீர்கள். வெளித்தோல் சூடாகும், உள்ளே ஐஸாகவே இருக்கும். ஜில்லென்ற பேக்கைச் சமையலறை வெக்கைக்குக் கொண்டுபோனால் கண்ணாடியில் படிவதுபோல அதன்மேலும் ஈரம் படியும். அந்த ஈரம் காயும்வரை சார்ஜரைச் செருகக் கூடாது.

குளிரில் பயன்படுத்துவது பற்றிப் பயம் வேண்டாம். காலையில் தொட்டபெட்டாவுக்குப் போனவர்களின் போன் 30 சதவீதம் காட்டிக்கொண்டே அணைந்துபோவது நமக்குப் பழகின விஷயம். குளிரில் செல்லின் உள்தடை ஏறும், கேமராவைத் திறந்ததும் வோல்டேஜ் பொத்தென்று விழும், போன் தன்னை அணைத்துக்கொள்ளும். சட்டைக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் மறுபடி எழுந்து உட்காரும். அதில் நிரந்தரச் சேதம் கிடையாது.

அடுத்து, அண்ணன் கேட்காதது ஒன்று. ஆனால் இந்த மலையில் நான் பார்த்த தீக்காய பேக்குகளில் பாதிக்கு மேல் இதனால் வந்தவைதான். சார்ஜரை மாற்றிப் போடுவது.

உங்கள் சார்ஜரின் அடியில் உள்ள ஸ்டிக்கரைத் திருப்பிப் பாருங்கள். "36 வோல்ட்" என்று பெட்டியில் போட்டிருந்தாலும் ஸ்டிக்கரில் அவுட்புட் 42 என்று இருக்கும், அல்லது 43.8 என்று இருக்கும். இரண்டும் வேறு வேறு ஜாதி. 42 என்றால் சாதாரண லித்தியம் அயன்: ஒரு செல் முழுசாக ஏறினால் 4.2 வோல்ட், அப்படிப் பத்து வரிசை. 43.8 என்றால் லித்தியம் இரும்பு பாஸ்பேட்: ஒரு செல்லுக்கு 3.65, அப்படிப் பன்னிரண்டு. பிளக் இரண்டுக்கும் ஒரே மாதிரி இருக்கும், செருகினால் அழகாகப் பொருந்தும். 42-இல் நிற்க வேண்டிய பேக்கில் 43.8 சார்ஜரைப் போட்டால் ஒவ்வொரு செல்லுக்கும் 4.38 வோல்ட் போகும். வோல்டேஜ் எல்லை மீறினால் துண்டிக்க உள்ளே இருக்கும் காவல் போர்டு தடுத்தால் பிழைத்தீர்கள்.

12 வோல்ட்டில் இது இன்னும் மோசம். மருந்தடிக்கும் மெஷின்களில் ஈய அமில பேட்டரியும் வருகிறது, லித்தியமும் வருகிறது. ஈய அமில சார்ஜர் 14.4 வோல்ட் அளவுக்குத் தள்ளும். மூன்று வரிசை லித்தியம் பேக் 12.6-க்கு மேல் தாங்காது. பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் "சார்ஜர் கொஞ்சம் குடுங்க, சாயங்காலம் தர்றேன்" என்று வாங்குவது மலையில் சாதாரணம். வாங்கலாம், ஸ்டிக்கர் எண் ஒத்துப்போனால் மட்டும். நான் என் வாடிக்கையாளர்களின் சார்ஜரிலும் பேக்கிலும் ஒரே நிற பெயின்டில் ஒரு பொட்டு வைத்துக் கொடுத்துவிடுவேன். எழுத்து படிக்கத் தெரியாத ஆள்கூட நிறம் பார்த்துச் செருகுவார்.

நல்ல சார்ஜர், குழாயடியில் குடம் நிரப்பும் ஆள் மாதிரி. முதலில் குழாயை முழுசாகத் திறந்துவிடும். கழுத்து வரை வந்ததும் திருகித் திருகிக் குறைக்கும், கடைசியில் சொட்டுச் சொட்டாக விட்டு நிறுத்தும். அந்தக் கடைசிச் சொட்டுகளுக்காக நேரம் நிறையப் போகும். அவசரமாகக் கிளம்ப வேண்டிய நாளில் 80, 85 சதவீதத்தில் பிடுங்கிக்கொண்டு போவதில் தப்பே இல்லை, பேட்டரிக்கு நல்லதும்கூட. முழுசாகத் தீர்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பேச்சு. எப்போதும் முழுசாக வைத்திரு என்பது இன்வெர்ட்டரில் இருக்கும் ஈய அமில பேட்டரிக்கான விதி. அதைப் பாதியில் விட்டால் தகட்டில் உப்புப் படிந்து செத்துப்போகும். லித்தியத்துக்கு இரண்டுமே பொருந்தாது. வீட்டுப் பெரியவர்கள் இந்த இரண்டு விதியையும் லித்தியத்தின் தலையில் கட்டுகிறார்கள்.

எடுத்து வைக்கும் விஷயத்தில் இது நன்றாகத் தெரியும். இரண்டு மாதத்துக்கு உங்கள் பேக்கைப் பாதிச் சார்ஜில் வையுங்கள். 40 முதல் 60 சதவீதம் எதுவானாலும் சரி. முழுசாக ஏற்றி வைத்தால் உள்ளே எப்போதும் உச்ச வோல்டேஜ், வேதிப் பொருள்கள் ஒன்றை ஒன்று தின்றுகொண்டே இருக்கும். பொதுவாகச் சொல்லும் கணக்கு, 25 டிகிரியில் ஒரு வருஷம் பாதிச் சார்ஜில் கிடந்தால் கொள்ளளவில் 4 சதவீதம் அளவுக்குப் போகும், முழுச் சார்ஜில் கிடந்தால் 20 சதவீதம் அளவுக்குப் போகும். செல்லுக்குச் செல் இது மாறும், ஆனாலும் எந்தப் பக்கம் நஷ்டம் என்பது மாறாது. சுத்தமாகத் தீர்த்து வைப்பதோ அதைவிடக் கேடு. காவல் போர்டு தன் பிழைப்புக்காகச் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருக்கும். மீதம் ஒன்றுமில்லாத பேக் இரண்டு மாதத்தில் ஆபத்தான ஆழத்துக்குப் போய்விடும்.

விமானத்தில் சரக்காகப் போகும் தனி லித்தியம் அயன் பேட்டரிகளை 30 சதவீதத்துக்கு மேல் ஏற்றி அனுப்பக் கூடாது என்று 2016 ஏப்ரல் முதல் விதியே இருக்கிறது. காரணம் தீ. உள்ளே அடைத்திருக்கும் சக்தி குறைவாக இருந்தால், ஏதாவது ஆனாலும் எரிவது குறைவு. பூட்டிய வீட்டுக்கும் அந்த நியாயம் பொருந்தும்தானே?

பாதி என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? 42 வோல்ட் ஜாதி என்றால் மல்டிமீட்டர் போதும். வேலை முடிந்து ஒரு மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளங்கள். 37.5-க்கும் 38.5-க்கும் நடுவில் இருந்தால் சரி. கூடுதலாக இருந்தால் மெஷினையே கொஞ்ச நேரம் ஓட்டி இறக்குங்கள். சார்ஜ் இறக்க அதைவிடப் பத்திரமான வழி இல்லை, அதற்கென்றே செய்த சாமான் அது. மெஷின் கெட்டுக் கிடந்தால் லாரிக்குப் போடும் 24 வோல்ட் 21 வாட் பல்பு இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, பேக்கின் வெளிக் கனெக்டரில் கொடுக்கலாம். 0.8 ஆம்பியர் அளவு இழுக்கும், 10 ஆம்பியர்-அவர் பேக் பாதியாக ஆறு மணி நேரம் ஆகும். வெளியே சிமென்ட் தரையில் வைத்து, பக்கத்தில் ஆள் இருந்து செய்ய வேண்டிய வேலை. பல்பு கையைச் சுடும். பாஸ்பேட் ஜாதியில் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒரே கோடாக நிற்கும், மீட்டரை வைத்துப் பாதி எது என்று சொல்ல முடியாது. அதற்கு முழுசாக ஏற்றி, வழக்கமாக ஓடும் நேரத்தில் பாதி நேரம் ஓட்டி நிறுத்துவதே வழி. பாஸ்பேட் சீக்கிரம் தீப்பிடிக்காது என்பது உண்மை. அதற்காகக் குளிரில் ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள், உறைபனியில் சார்ஜ் போட்டால் அதுவும் கெடும்.

எங்கே வைப்பது என்பதில் எமரால்டுக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும். சமவெளிக்காரர்கள் பிரிட்ஜில் வைக்கலாமா என்று என்னைக் கேட்பார்கள். உங்கள் வீட்டு உள்ளறையே பிரிட்ஜ்தான். ஷெட்டில் மட்டும் வைக்காதீர்கள். உறைபனி விழும் காலத்தில் வானம் துல்லியமாக இருக்கும். ராத்திரி பூஜ்யத்துக்கு இறங்கும், பகல் பன்னிரண்டு மணிக்குத் தகரக் கூரை கையை வைக்க முடியாமல் கொதிக்கும். தினமும் அந்த ஏற்ற இறக்கத்தில் கனெக்டருக்குள் ஈரம் படிந்து பச்சை பூக்கும். பரணும் வேண்டாம், அதுவும் தகரத்துக்கு அடியில்தான். தரைமட்டத்தில், வெயில் படாத உள்ளறையில், கல் அல்லது சிமென்ட் தரையில் வையுங்கள். மெஷினிலிருந்து கழற்றி, சார்ஜரிலிருந்தும் கழற்றி, கனெக்டர் வாயில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, பழைய தகர டப்பாவில் போட்டு மூடியை லேசாகச் சாத்துங்கள். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பாக்கெட் இரண்டு போட்டால் ஈரத்தை இழுக்கும். டப்பா எலிக்காக. ஒயரைக் கடித்து ஷார்ட் ஆக்கிய எலியை நானே பார்த்திருக்கிறேன், அதுவும் கருகித்தான் கிடந்தது. மூடியை இறுக்காமல் விடச் சொல்வது, ஒருவேளை வாயு வந்தால் டப்பா வெடிக்காமல் வெளியேற.

தென்மேற்குப் பருவத்துக்காக எடுத்து வைக்கும் எமர்ஜென்சி லைட், பவர் பேங்க் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு, ஒரே வித்தியாசத்தோடு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மாதிரி நாளில் பாதிச் சார்ஜ் பவர் பேங்க் யாருக்கு வேண்டும்? ஜூன் பிறந்ததும் முழுசாக ஏற்றி வையுங்கள், மழை முடிந்ததும் பாதிக்கு இறக்கி வையுங்கள். ஆயுள் கொஞ்சம் குறையும், குறையட்டும். மரம் விழுந்து நாலு நாள் கரண்ட் இல்லாதபோது உதவத்தானே வாங்கினோம்.

இனி அந்தச் சார்ஜ் ஏறாத மருந்து மெஷின் பேட்டரி. முதலில் கையில் தூக்கிப் பாருங்கள். இரண்டு கிலோவுக்கு மேல் கனத்தால் ஈய அமிலம், பேட்டரிக் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். ஒரு கிலோவுக்குள் இருந்தால் லித்தியம். லித்தியம் என்றால் "ஒரு ஒயரை வெச்சு லைட்டா கிக் குடுத்தா எழுந்துரும்" என்று சொல்லும் ஆளிடமிருந்து பேட்டரியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

போன வருஷம் அப்படிக் கிக் கொடுத்து, அதாவது காவல் போர்டைத் தாண்டி நேராகச் சார்ஜ் ஏற்றி, ஓட்டிய பேக் ஒன்று என் மேஜைக்கு வந்தது. ஸ்க்ரூவைக் கழற்றி, பத்து வரிசையையும் ஒவ்வொன்றாக அளந்தேன். 3.71, 3.70, 3.71, 3.71. ஆறாவதில் முள்ளை வைத்ததும் 1.64. மற்ற எல்லாம் மறுபடி 3.7 சொச்சம். வெளியே மொத்தமாக அளந்தால் 35 வோல்ட் காட்டும், நல்ல பேக் என்றே தோன்றும். அந்த ஆறாவது வரிசைதான் விஷம். செல் 2 வோல்ட்டுக்குக் கீழே நெடுநாள் கிடந்தால் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். திரும்பச் சார்ஜ் கொடுக்கும்போது கரைந்த செம்பு கண்ட இடத்தில் படியும். ஒருநாள் அது பாலம் போட்டு ஷார்ட் ஆகும். அந்த ஒருநாள் கிக் கொடுத்த நாளாகவே இருக்காது. மூன்று மாதம் கழித்து, ராத்திரி சார்ஜில் இருக்கும்போது வரலாம். காவல் போர்டு பூட்டிக்கொள்வது இதைத் தடுக்கத்தான். பூட்டை உடைத்துவிட்டு நன்றாக ஓடுகிறதே என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை. உங்கள் கொழுந்து மெஷின் பேக்கும் பத்தரை மணிக்கு நிற்பதற்குக் குளிர்ச் சார்ஜ் ஒரு காரணம் என்றால், இப்படி ஒரு வரிசை மட்டும் தளர்ந்திருப்பது இன்னொரு காரணமாக இருக்கலாம். அளந்தால்தான் தெரியும்.

உப்பிய போன் விஷயத்தில் முதலில் ஒரு பேச்சை ஒழித்துவிடலாம். மலை ஏறினால் சிப்ஸ் பாக்கெட் உப்புவதுபோல பேட்டரியும் உப்பும், கீழே போனால் சரியாகிவிடும் என்று நம்மூரில் சொல்கிறார்கள். சிப்ஸ் பாக்கெட்டில் காற்று இருக்கிறது, அது விரியும். நல்ல பேட்டரிப் பைக்குள் காற்றை உறிஞ்சிவிட்டுத்தான் ஒட்டுகிறார்கள், விரிய அங்கே ஒன்றும் இல்லை. விமானத்தில் அனுப்பும் முன் இந்த பேட்டரிகளை 15,000 மீட்டர் உயரத்துக்குச் சமமான காற்றழுத்தத்தில் ஆறு மணி நேரம் வைத்துச் சோதிக்கிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர்தான். உப்பியிருக்கிறது என்றால் உள்ளே திரவம் சிதைந்து வாயு உண்டாகிவிட்டது என்று பொருள். அது இறங்காது.

அந்தப் போனைச் சார்ஜ் போடாதீர்கள், திரையை அமுக்கி மூடப் பார்க்காதீர்கள், குத்திக் காற்றை விடவே விடாதீர்கள். சார்ஜை இறக்கவும் வேண்டாம். உப்பியதையும் நசுங்கியதையும் வீட்டில் வைத்து இறக்கக் கூடாது. மண்சட்டியில் உலர்ந்த மணல் போட்டு அதில் வைத்து, வீட்டுக்கு வெளியே மழை படாத இடத்தில், விறகுக் குவியலிலிருந்து தள்ளி வையுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சார்ஜ் இறங்கிவிடும் என்று வீடியோவில் காட்டுகிறார்கள். அதில் முனைகள் அரித்துப்போய் இணைப்பு அறுந்துவிடும். வெளியே செத்ததுபோலத் தெரியும், உள்ளே சார்ஜ் அப்படியே இருக்கும். நடுவில் ஹைட்ரஜனும் குளோரினும் கிளம்பும். மிச்சமிருக்கும் அழுக்குத் தண்ணீரை ஓடையில் ஊற்றினால் அது குந்தா ஆற்று வழியாகப் பவானிக்குத்தான் போகும், கீழே குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பழைய இரும்புக் கடையிலும் குப்பை வண்டியிலும் போடாதீர்கள். நசுக்கும்போது பற்றிக்கொள்ளும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரித்தவருடையது. மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுப்பது நம் பொறுப்பு. குப்பைத் தொட்டியின்மேல் பெருக்கல் குறி போட்ட படம் பேட்டரியில் இருக்குமே, அதற்கு அர்த்தம் அதுதான். கோயம்புத்தூர் போகும்போது மருந்து மெஷின் பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி, அங்கே அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிலையத்தில் கொடுத்துவிடலாம். உப்பிய போனை ஜன்னல் மூடிய காரில் குடும்பத்தோடு கொண்டுபோக வேண்டாம். பக்கத்தில் இருக்கும் அந்த கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் முதலில் பேசிவிட்டு, தனியாக ஒரு நடை கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். பஸ் பார்சலில் அனுப்புவதும் கூடாது.

தீப்பிடித்தால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் குறைவு. சீறும் சத்தமும், இனிப்பும் காட்டமும் கலந்த பெயின்ட் மாதிரி வாடையும் வந்தால் ஆட்கள் முதலில் வெளியே. அந்தப் புகை நுரையீரலை அரிக்கும். முடிந்தால் மெயினை அணையுங்கள். சின்ன பேக் என்றால் தண்ணீர், நிறையத் தண்ணீர். லித்தியம் என்றால் தண்ணீர் ஆகாது என்பது உலோக லித்தியத்துக்குச் சொன்னது. இங்கே சூட்டைத் தணிப்பதுதான் வேலை, பவுடர் சிலிண்டர் சுடரை அணைக்குமே தவிர சூட்டைத் தணிக்காது. அணைந்தது மணிக்கணக்கு கழித்துத் திரும்பப் பற்றும், ஆகவே வெளியிலேயே கிடக்கட்டும். பெரிய பேக் என்றால் கிட்டே போகாமல் 101-க்குக் கூப்பிடுங்கள். தோட்டத் தொழிலாளர்களின் பழைய லைன் வீடுகளில் மரக் கூரை, ஒரே வாசல். வாசலுக்குப் பக்கத்தில் பேட்டரியைச் சார்ஜ் போடாதீர்கள் என்று நான் நச்சரிப்பது அதனால்தான்: எரியும்போது உங்களுக்கும் வெளியேறும் வழிக்கும் நடுவில் அது இருக்கக் கூடாது.

மகனின் ஸ்கூட்டருக்கு இரண்டு விஷயம். இறங்கும்போது மோட்டாரே பிரேக் பிடித்து பேட்டரிக்குச் சார்ஜ் திருப்பும் வசதி உள்ள வண்டி என்றால், மலையிலிருந்து கிளம்பும்போது 100 சதவீதம் ஏற்றக் கூடாது. நிரம்பிய பேட்டரி வாங்கிக்கொள்ளாது, அந்த பிரேக் வேலை செய்யாது, மேட்டுப்பாளையம் வரை பிரேக் ஷூதான் தேய வேண்டும். 85-இல் கிளம்பச் சொல்லுங்கள். கணக்குப் போட்டால் வண்டியும் ஆளும் சேர்ந்து 185 கிலோ, குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் 1,500 மீட்டர் உயர வித்தியாசம் என்றால் அதில் அடங்கியிருப்பது முக்கால் யூனிட் மின்சாரம். எல்லாம் திரும்பாது, ஒரு பங்கு திரும்பும். ஏறும்போது அந்த முக்கால் யூனிட் சமவெளி ஓட்டத்துக்கு மேல் கூடுதலாகச் செலவாகும், கம்பெனி சொல்லும் கிலோமீட்டரை நம்பிக் கீழேயிருந்து கிளம்பக் கூடாது. இரண்டாவது, கீழே வெயிலில் நின்றுவிட்டு மலை ஏறி வந்த வண்டி பேட்டரி நன்றாகச் சுட்டிருக்கும், முக்கால் மணி நேரம் ஆற விட்டு ராத்திரியே ஏற்றிவிட வேண்டும். விடியற்காலைக் கதை அதற்கும் உண்டு.

பிப்ரவரி கடைசியில் திரும்பி வந்ததும் பேக்கை டப்பாவிலிருந்து எடுத்து ஒரு பகல் அறையில் வையுங்கள். உப்பல், வாடை, கசிவு ஏதும் இல்லை என்று பார்த்துவிட்டு மீட்டரை வையுங்கள். 42 வோல்ட் ஜாதியாக இருந்து 36-க்கு மேல் காட்டினால் தைரியமாகச் சாயங்காலம் ஏற்றலாம். முதல் தடவை பக்கத்தில் உட்கார்ந்து, அவ்வப்போது கையை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பு சரி, சுட்டால் பிடுங்கிவிடுங்கள். 30-க்குக் கீழே போயிருந்தால் சார்ஜரைச் செருகாமல் குன்னூருக்கு எடுத்து வாருங்கள் அண்ணா, பத்து வரிசையையும் உங்கள் கண்முன்னாலேயே அளந்து காட்டிவிடுகிறேன்.